அப்பா விழுங்கிய கேமரா

தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது, விண்வெளி ஆய்வால் விளைந்த நன்மைகளைப் பற்றிப் பேச்சுப்போட்டியில் பேசினேன். என் பள்ளிக் காலணியின் ஒட்டுப்பட்டையைச் சர்ரென்று பிரித்துக் காட்டி, “இதை நமக்குத் தந்தது நாசா!” என்று முழங்கினேன். இரண்டாம் பரிசும் கிடைத்தது. சொன்னதுதான் தவறு. தம் நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்காய்களைக் கண்டு அந்தப் பட்டையை உருவாக்கியவர் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல். ஒட்டாத சட்டியில் பூசப்படும் டெஃப்லானையும் நாசாவின் கணக்கில் எழுதுவார்கள். அது 1938இல் கண்டுபிடிக்கப்பட்டது. நாசா தொடங்கப்பட்டதோ 1958இல்.

உண்மையிலேயே விண்வெளி ஆய்வு எங்கள் வீட்டுக்குள் வந்தது நான் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது. லோரி ஓட்டும் அப்பாவுக்கு இரத்தம் குறைந்துகொண்டே போனது. வாய்வழியாகவும் கீழிருந்தும் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. இடையில் இருக்கும் பல மீட்டர் நீளச் சிறுகுடலைச் சாதாரணக் குழாய்கள் எட்டுவதில்லை. ஆகவே, மருத்துவர் கேமரா பொருத்திய ஒரு மாத்திரையைக் கொடுத்தார். நீளம் ஏறத்தாழ 26 மில்லிமீட்டர், அகலம் 11. “இதுக்குள்ளயா கேமரா இருக்கு?” என்று அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கும் அதே கேள்விதான்.

பழைய எண்ணியல் கேமராக்களில் சிசிடி என்ற படச்சில்லு இருந்தது. 1969இல் பெல் ஆய்வகத்தில் உருவானது. ஒளி விழுந்ததும் ஒவ்வொரு பிக்சலிலும் சிறிது மின்னூட்டம் சேரும். (இடைநிலைப்பள்ளியில் அறிவியலை மலாயில் படித்த எனக்கு, ‘மின்னூட்டம்’ என்ற சொல் கிடைக்கவே ஒரு மாலைப்பொழுது ஆனது.) தீயை அணைக்க வரிசையில் நின்று வாளியைக் கைமாற்றுவதுபோல், அந்த மின்னூட்டம் பிக்சல் பிக்சலாக நகர்ந்து சில்லின் ஓரத்துக்குப் போய்ச் சேர வேண்டும், அங்கேதான் அளக்கப்படும். படம் அருமையாக வரும். ஆனால் மின்சாரம் நிறையத் தேவை, துணைச் சில்லுகளும் தேவை. விண்வெளிக் கதிர்வீச்சு வழியில் ஓரிடத்தைப் பழுதாக்கினாலும் வாளி சிந்தும்.

சிறிய, எடை குறைந்த விண்கலங்களுக்கு இது ஒத்துவரவில்லை. 1990களின் தொடக்கத்தில், நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் எரிக் ஃபோசம் குழுவினர் வேறு வழியில் போனார்கள். ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒரு பெருக்கியை வைத்தார்கள். வாளி ஊர்வலமே வேண்டாம், நிற்கும் இடத்திலேயே அளக்கலாம். இந்த எண்ணம் 1960களிலேயே இருந்ததுதான். படம் புள்ளி புள்ளியாக இரைந்ததால் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த இரைச்சலை அடக்கியதே இவர்களின் சாதனை. கணினிச் சில்லு செய்யும் முறையிலேயே செய்யக்கூடிய இதற்கு சிமோஸ் படச்சில்லு என்று பெயர். நண்பர்களே, உங்கள் கைத்தொலைபேசிக் கேமராவில் இருப்பதும் இந்த இனம்தான்.

விழுங்கும் கேமராவைக் கனவு கண்டவர் கவ்ரியல் இட்டான் என்ற இஸ்ரேலியப் பொறியாளர். ஏவுகணைகளுக்கான படக்கருவிகளில் பணியாற்றியவர். சிசிடியை வைத்தால் சின்ன மின்கலம் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். குடலைக் கடக்கவோ பல மணி நேரம் வேண்டும். சிமோஸ் வந்த பிறகே அவர் கனவு நடந்தது. 2001இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது.

அப்பா இடுப்பில் பதிவுக்கருவியைக் கட்டிக்கொண்டு எட்டு மணி நேரம் இருந்தார். நொடிக்கு இரண்டு படம் என்றால்கூட 57,600 படங்கள்! அவற்றில் சிலவற்றில், சிறுகுடலில் இரத்தம் கசியும் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. நீண்ட குழாய் விட்டு அதைச் சுட்டு அடைத்தார்கள். மாத்திரை தானாக வெளியேறிவிட்டது. அப்பா இரண்டு மாதத்தில் மீண்டும் லோரி ஏறினார்.

“அந்த மாத்திரை நாசாவோடதாம்மா?” என்று ஓர் இரவு கேட்டார். பேச்சுப்போட்டி நினைவுக்கு வந்ததால், பெல் ஆய்வகத்திலிருந்து ஒவ்வொன்றாக விளக்கத் தொடங்கினேன். ஃபோசம் வரை வருவதற்குள் குறட்டை கேட்டது.