மகளின் பாடம், அம்மாவுக்கும்!

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறது வில்லனோவா பல்கலைக்கழகம். அகுஸ்தீனார் சபைத் துறவிகள் 1842-ல் தொடங்கிய கத்தோலிக்கக் கல்வி நிலையம். பொறியியலோ, வணிகமோ, நர்ஸிங்கோ, முதலாண்டில் எல்லோருக்கும் ஒரு வகுப்பு கட்டாயம். சிறு குழுவாக உட்கார்ந்து, பழைய நூல்களைப் படித்து, ஒவ்வொருவரும் வாய் திறந்து பேசவேண்டும்.

நர்ஸிங் படிக்கும் என் மகளோ கூச்ச சுபாவம். “ஊசி போடறதுக்கு இதெல்லாம் எதுக்கும்மா?” என்று அலுத்துக்கொண்டாள்.

அந்த நூல்களில் ஒன்று, புனித அகுஸ்தீனார் கி.பி. 400-ஐ ஒட்டி எழுதிய தன் வரலாறு. நானும் வாங்கிப் படித்தேன். எங்கள் மதம் வேறு. தாய் மனசு ஒன்றுதானே! ரோமுக்குப் போகத் துடித்த மகன், நண்பனை வழியனுப்புவதாகத் தாய் மோனிக்காவிடம் பொய் சொல்லி, இரவோடு இரவாகக் கப்பலேறி விடுகிறான். விடிந்ததும் கரையில் நின்று கதறுகிறாள் அவள்.

அதைப் படித்த இரவு மகளிடமிருந்து போன். “நான் கிளம்பினப்போ நீ அழுதியாம்மா?”

“ஏர்போர்ட்ல இல்லேடி. வீட்டுக்கு வந்து அழுதேன்.”

சற்று மௌனம். “நாளைக்கு கிளாஸ்ல இதைச் சொல்லட்டுமா?”

சொன்னாளாம், குரல் நடுங்காமல்!

சகோதரிகளே, பிள்ளைகளிடம் மார்க்கை மட்டும் கேட்காதீர்கள். அவர்கள் படிக்கும் புத்தகத்தையும் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள்.