கைவிடவும் ஒரு வழி வேண்டும்

படங்களோ பொத்தான்களோ இல்லாமல், எழுத்துகளை மட்டும் கொண்டு இயங்கும் நிரலைக் கன்சோல் நிரல் என்பர். அது திரையில் ஒரு கேள்வியைக் காட்டும். பயனர் விசைப்பலகையில் விடையைத் தட்டச்சு செய்து எண்டர் விசையை அழுத்துவார். நிரலாக்கம் கற்போர் பெரும்பாலும் இத்தகைய நிரலையே முதலில் எழுதுகின்றனர்.

பள்ளி நூலகத்தின் புத்தகப் பட்டியலைப் பராமரிக்கும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலைப் பற்றிய குறிப்பைத் திருத்தத் தொடங்கிய மாணவர், தவறான நூலைத் தேர்ந்தெடுத்துவிட்டதைப் பாதியிலேயே உணர்கிறார். அந்நிரலில் விலகும் வழி இல்லையென்றால் அவர் என்ன செய்வார்? எண்டர் விசையை அழுத்தினால், சரியாக இருந்த குறிப்பு அழிந்து அரைகுறைக் குறிப்பு பதிவாகிவிடும். கண்ட்ரோல், சி ஆகிய விசைகளைச் சேர்த்து அழுத்தினால் நிரலே நின்றுவிடும். அதுவரை சேமிக்கப்படாத பதிவுகளும் மறைந்துவிடும்.

இச்சிக்கலுக்குக் காரணம் உள்ளீட்டைப் பெறும் முறையே. சி ஷார்ப் மொழியில் உள்ள ‘ரீட்லைன்’ கட்டளை, எண்டர் விசை அழுத்தப்படும்வரை காத்திருந்து, முழு வரியையும் ஒரே தடவையில் நிரலிடம் ஒப்படைக்கும். இடையில் எஸ்கேப் விசையை அழுத்தினாலும் அச்செய்தி நிரலை எட்டாது.

மாறாக, ‘ரீட்கீ’ கட்டளை ஒவ்வொரு விசையையும் அழுத்திய உடனே தெரிவிக்கும். எழுத்து வந்தால் நிரல் அதனைத் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும். பேக்ஸ்பேஸ் வந்தால் கடைசி எழுத்தை நீக்கும். எண்டர் வந்தால் சேர்த்தவற்றை விடையாக ஏற்கும். எஸ்கேப் வந்தால் அவற்றைக் கைவிட்டு, பழைய குறிப்பை மாற்றாமல் பட்டியலுக்குத் திரும்பும். ரீட்லைன் தானாகவே செய்துவந்த அழித்தல், திருத்தல் பணிகளை இம்முறையில் நிரலாளரே எழுத வேண்டும்.

வெற்று விடை வேறு. கைவிடப்பட்ட விடை வேறு. எதையும் தட்டச்சு செய்யாமல் எண்டரை அழுத்துபவர், பழைய குறிப்பை நீக்கிவிட்டு அவ்விடத்தைக் காலியாக விட விரும்பலாம். எஸ்கேப்பை அழுத்துபவரோ எதையும் மாற்ற விரும்பவில்லை. ஆகவே, முன்னதற்கு எழுத்தே இல்லாத வெற்றுச் சரத்தையும், பின்னதற்கு மதிப்பு இல்லை என்பதைக் குறிக்கும் ‘நல்’ என்பதையும் பயன்படுத்தினால், நிரல் இரண்டையும் குழப்பிக்கொள்ளாது.

விலகும் வழி இருப்பது பயனருக்குத் தெரியவும் வேண்டும். ‘எண்டர்: சேமி, எஸ்கேப்: கைவிடு’ என்ற ஒரு வரியைக் கேள்விக்கு அருகே காட்டினால், பயனர் தயக்கமின்றித் தட்டச்சு செய்யத் தொடங்குவார்.