உங்களுக்குத் தெரியுமா? பேதி போல வேஷம் போடும் மலச்சிக்கல்

● படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவருக்கு நாலைந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. திடீரென்று ஒரு காலையில் விரிப்பெல்லாம் தண்ணீராக நனைந்து கிடக்கிறது. 'தாத்தாவுக்கு வயிற்றாலே போகுது' என்று பேரன் மெடிக்கலுக்கு ஓடி, பேதியை நிறுத்தும் மாத்திரையோடு வருகிறான். கோளாறு தொடங்குவதே அங்கேதான். மலக்குடலில் மலம் இறுகிக் கட்டியாகி வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அதற்கு மேலே தேங்கிய நீர்த்த மலம், கட்டியின் ஓரமாக வழி கண்டுபிடித்துக் கசியும். பார்த்தால் பேதி, உண்மையில் முற்றிய மலச்சிக்கல். இந்த நேரத்தில் லோபரமைடு போன்ற மாத்திரையைக் கொடுத்தால் குடலின் அசைவு மேலும் குறையும், கட்டி மேலும் கெட்டிப்படும். அவருக்கே தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறதா, வயிறு உப்பியிருக்கிறதா, கசிவுக்கு முன் பல நாள் சரியாகப் போகாமல் இருந்தாரா? இந்த மூன்றையும் கேட்டுவிட்டு மெடிக்கலுக்குப் போகலாம்.

● சிறுகுடலிலிருந்து பெருங்குடலுக்கு நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் நீர் வந்து சேர்கிறது. மலத்தோடு வெளியேறுவது 100 முதல் 200 மில்லி மட்டுமே. மீதி அத்தனையையும் குடல் உறிஞ்சிக்கொள்கிறது. மலம் எவ்வளவு நேரம் உள்ளே தங்குகிறதோ அவ்வளவு வற்றும்.

● பெருங்குடலின் இந்த உறிஞ்சும் திறமையை மருந்தாகவே பயன்படுத்திக் காட்டியவர்கள் வேலூர்க்காரர்கள். காலராவுக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலில், சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தைக் கலந்து, 48 நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தது சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையின் டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழு. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிரிகள் அந்த மாவைப் புளிக்கவைத்தபோது உண்டான கொழுப்பு அமிலங்கள், குடலை உப்பையும் நீரையும் கூடுதலாக உறிஞ்சவைத்தன. பேதி குறைந்தது, சீக்கிரம் நின்றது. 2000-ல் புகழ்பெற்ற 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் இது வெளியானது. காலராவில் உயிர் காக்கும் அதே குணம், கழிப்பறைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறவருக்கு எதிராகத் திரும்புகிறது.

● சாப்பிட்டு அரை மணி நேரத்துக்குள் பெருங்குடல் சுருங்கி மலத்தைக் கீழே தள்ளும். வயிறு நிறைந்ததும் குடலுக்குப் போகும் இயல்பான கட்டளை இது. காலை உணவுக்குப் பிறகு வலுவாக இருக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடிப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்ணுக்கு அந்த அரை மணி எங்கே கழிகிறது? விடிவதற்கு முன் எழுந்து சமைத்து, டிபன் கட்டி, நின்றபடியே இரண்டு வாய் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸைப் பிடித்திருப்பார். உந்துதல் வரும்போது பஸ்ஸில் இருப்பார், அல்லது ஷூவின் மேல்பாகமான 'அப்பர்' தைக்கும் மெஷின் முன் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் துண்டுகள் குவிந்துகொண்டே இருக்கும், டார்கெட் முடிந்தாக வேண்டும். அடக்கிக்கொள்வார். அடக்கினால் உந்துதல் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். நாள்தோறும் அடக்கினால் மலக்குடல் விரிந்து, உந்துதலைச் சொல்லவே மறந்துபோகும். 'தண்ணி குடிச்சா பாத்ரூம் போகணும், அதனால குடிக்கறதில்லை' என்பது தையல் லைன்களில் சாதாரணமாகக் காதில் விழும் பேச்சு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 18-ஆம் பிரிவு குடிநீருக்கு, 19-ஆம் பிரிவு கழிப்பறைக்கு என்று இருந்தன. இரண்டும் அடுத்தடுத்து இருந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒன்று இல்லாமல் மற்றொன்றால் பயனில்லை. வேலை நேரத்தில் எழுந்து போகத் தயங்க வேண்டியிருந்தால், சுவரில் பளிங்கு ஓடு பதித்த கழிப்பறையும் காட்சிப் பொருள்தான்.

● குரோம் உப்பு வருவதற்கு முன் தென்னிந்தியாவில் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும். இரண்டும் நம் வயிற்றுக்கும் சம்பந்தப்பட்டவை. கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கும். அதே கடுக்காய்ப் பொடியைத்தான் சித்த வைத்தியம் மலமிளக்கியாகக் கொடுக்கிறது. ஆவாரைக்கு நெருங்கிய உறவு நிலாவாரை. திருநெல்வேலிச் சீமையில் விளைந்து 'டின்னவேலி சென்னா' என்ற பெயரில் கப்பலேறும் இலை அது. அதிலிருந்து எடுக்கும் சென்னோசைடு இன்று உலகெங்கும் மருந்துக் கடைகளில் மாத்திரையாகக் கிடைக்கிறது.

● மென்மையான தோல் வேண்டுமானால் ஒரு காலத்தில் ஐரோப்பியத் தோல் பதனிடுவோர் நாய்ப் பீயையும் கோழி, புறா எச்சத்தையும் கரைத்து, அதில்தான் தோலை ஊறவைத்தார்கள். எச்சத்தில் இருக்கும் நொதிகள் புரதத்தைக் கரைத்துத் தோலைப் பூப்போல ஆக்கும். ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர், அதே வேலையைக் கால்நடைக் கணையத்தின் நொதி செய்யும் என்று கண்டுபிடித்தார். 1907-ல் தொடங்கிய அவருடைய நிறுவனம் அதை 'ஓரோபான்' என்று விற்றது. அதன் பிறகே தோல் தொழிலிலிருந்து அந்த நாற்றமாவது ஒழிந்தது. மற்ற நாற்றங்களைப் பற்றித் தோல் தொழில் நடக்கும் பாலாற்றங்கரை மக்களைத்தான் கேட்க வேண்டும்.

● 1954 ஜனவரியில் வேலூர் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் சிக்கி, இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறையைத் தலைமையேற்று வளர்த்தார். 1966-ல் வேலூர் பாகாயத்தில் திறக்கப்பட்ட மறுவாழ்வு மையம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1972-ல் பத்மஸ்ரீ. தண்டுவடம் அடிபட்டவருக்கு நடப்பதைவிட முதலில் கவலை தருவது சிறுநீரும் மலமும் என்பதை மறுவாழ்வுத் துறையில் யாரும் சொல்வார்கள். மலக்குடல் நிறைந்தது மூளைக்குத் தெரியாது, முக்கவும் முடியாது. அதனால் தினமும், அல்லது ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரே நேரத்தில் மலம் போகக் குடலைப் பழக்குகிறார்கள். சாப்பிட்டபின் அரை மணி காத்திருந்து, வயிற்றை வலமிருந்து இடமாக நீவி, தேவையானால் ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்தான சப்போசிட்டரியை வைத்து, கையுறை போட்ட விரலால் ஆசனவாயின் உள்சுற்றை மெதுவாகத் தூண்டுவார்கள். நோயாளியின் மனைவியோ அம்மாவோ இதைக் கற்றுக்கொண்டுதான் வீட்டுக்குப் போக வேண்டும்.

● தண்டுவடத்தில் மார்புப் பகுதியின் 6-ஆம் கணுவிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு, மலம் கட்டிக்கொள்வதே உயிருக்கு ஆபத்து. ரத்த அழுத்தம் திடீரென 200-ஐத் தாண்டலாம். மண்டை பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பு, அடிபட்ட இடத்துக்கு மேலே மட்டும் வியர்வை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்த வேண்டும். முதலில் சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அடுத்து மலக்குடலை. தாமதிக்காமல் ஆஸ்பத்திரி.

● மலக்கட்டி தானிருக்கும் இடத்தோடு நிற்பதில்லை. முன்னால் இருக்கும் மூத்திரப் பையை அழுத்திச் சிறுநீரை நிறுத்தும். வயதானவர்களைக் குழப்பி, ஆள் அடையாளம் தெரியாமல் பேசவைக்கும். குடல் சுவரை நாள்கணக்கில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுத்துப் புண்ணாக்கும். அந்தப் புண் ஓட்டையானால் மலம் வயிற்றுக்குள் கொட்டும். அது நேர்ந்தால் அவசர அறுவை சிகிச்சைதான். அப்போதும் பிழைப்பது நிச்சயமில்லை.

● சரி, கட்டியை எப்படி எடுப்பார்கள்? கூச்சப்படாமல் சொல்லிவிடுவோம். நோயாளியை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, முழங்காலை மார்பை நோக்கி மடக்குவார்கள். மரத்துப்போகச் செய்யும் ஜெல்லி தடவிய கையுறை விரலை உள்ளே செலுத்தி, கட்டியை உள்ளேயே உடைத்துத் துண்டு துண்டாக வெளியே எடுப்பார்கள். அவசரப்பட்டால் காயமாகும். இதய நோயாளிக்கு இந்தத் தூண்டலால் நாடித் துடிப்பு குறைந்து மயக்கம் வரலாம். அதனால் பழகாதவர் வீட்டில் முயலக் கூடாது. மிச்சத்தை எனிமாவும் சப்போசிட்டரியும் இளக்கும். கட்டி மேலே இருந்து விரலுக்கு எட்டாவிட்டால் வயிற்று எக்ஸ்ரே காட்டிக் கொடுக்கும். குடல் முழுவதும் அடைபடவில்லை என்று உறுதியான பிறகே, பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் தூளை நிறையத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். பாக்கெட்டில் மருந்துச் சீட்டோடு வாங்குவோமே, அதுதான்.

● வாந்தி, வயிற்று வலி, வயிறு கல் போல உப்புதல் மூன்றும் சேர்ந்திருந்தால் விளக்கெண்ணெய், பேதி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது. அடைத்த குழாயில் மேலிருந்து அழுத்தம் கொடுப்பது போல ஆகிவிடும். அந்த நேரத்தில் இசப்கோலும் வேண்டாம்: அது நீரை உறிஞ்சி உப்பும் பொருள். சாதாரண நாளிலும் ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் இல்லாமல் அதை விழுங்கினால் அதுவே அடைப்பாகும்.

● கடையில் கிடைக்கும் பாஸ்பேட் எனிமாவை 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் போடக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் எச்சரித்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் முதியவர்களுக்கும் ரத்தத்தில் பாஸ்பேட் ஏறி, கால்சியம் இறங்கி, இதயமே தடுமாறலாம். சோப்புத் தண்ணீர் எனிமாவும் குடலின் உட்சவ்வைப் புண்ணாக்கும். பாட்டி காலத்து வழக்கம் என்பதற்காக அதைத் தொடர வேண்டாம்.

● ரத்தசோகைக்குத் தரும் இரும்புச் சத்து மாத்திரை, வலிக்குத் தரும் டிரமடால், புற்றுநோய்க்குத் தரும் மார்பின், பிரஷருக்குத் தரும் வெரபமில், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் எல்லாமே மலத்தைக் கட்டும். மனநோய்க்கான குளோசபின் குடலைச் சில சமயம் அடியோடு முடக்கிவிடும். 2020-ல் இதற்காகத் தனி எச்சரிக்கையே வெளியானது. மார்பின் எழுதும் மருத்துவர் கூடவே மலமிளக்கியும் எழுதுவது வழக்கம். எழுதவில்லையா? கேட்டு வாங்குங்கள்.

● கொய்யா, மாதுளை, தர்பூசணி விதைகளை மெல்லாமல் நிறைய விழுங்கும் குழந்தைக்கு, அவை மலக்குடலில் திரண்டு அடைப்பதுண்டு. பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் அடக்கும் பிள்ளைக்கு டவுசரில் அடிக்கடி கறை படும். அடிக்காதீர்கள்; அவனுக்குத் தெரிந்து நடப்பதில்லை.

● ஆம்பூர் பிரியாணியோடு எண்ணெய்க் கத்தரிக்காய் வருவது ருசிக்காகத்தான். ஆனால் அந்தத் தட்டில் நார்ச்சத்து என்று சொல்லும்படி இருப்பதே அதில்தான். சீரக சம்பாவிலும் கறியிலும் தேடினால் கிடைக்காது. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 25 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறந்ததிலிருந்து விடியலுக்கு முந்தைய ஸஹர் உணவு வரை தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடிப்பதும், நோன்புக் கஞ்சியோடு பேரீச்சம்பழத்தை விடாமல் சேர்ப்பதும் குடலுக்கு நல்லது.

● கட்டியை எடுத்ததும் கதை முடிந்தது என்று நினைத்தால் சில வாரத்தில் மறுபடி கட்டும். விரிந்துபோன மலக்குடல் பழைய அளவுக்குத் திரும்ப மாதங்கள் ஆகலாம். அதுவரை மலமிளக்கியைத் தொடர வேண்டும். தைராய்டு, சர்க்கரை, கால்சியம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். நடுத்தர வயது தாண்டியவருக்குப் புதிதாக இப்படி ஆனால், ரத்தமோ எடை இழப்போ கூட இருந்தால், குடல் புற்றுநோய் இல்லை என்று கொலோனோஸ்கோபி செய்து உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் சின்ன ஸ்டூல் போடுங்கள். முழங்கால் உயர்ந்தால் மலக்குடலின் வளைவு நேராகும்.

● படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலி தணிப்புச் சிகிச்சையும் தரும் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டில் அப்படி யாராவது இருந்தால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வரும் செவிலியரிடம் காய்ச்சல், பிரஷரோடு நிறுத்திவிடாமல், கடைசியாக எந்த நாள் மலம் போனது என்பதையும் சொல்லுங்கள். சந்தேகம் கேட்க 104, வயிறு உப்பி வாந்தி எடுத்தால் 108.