கூடி ஆடுவோரின் இலக்கணம்

ஒருவர் ஆட ஊரார் பார்க்கும் கலைகள் உண்டு. ஊராரே கூடி ஆடும் கலைகளும் உண்டு. பின்னதில் முறைப்படி ஆடுவது என்றால் என்ன, அந்த முறையை வகுப்பவர் யார் என்னும் கேள்வி, கொங்கு நாட்டு வள்ளி ஒயில் கும்மியிலும் ஸ்காட்லாந்தின் குழு நடனத்திலும் ஏறத்தாழ ஒரே வடிவில் எழுந்திருக்கிறது.

வள்ளியும் முருகனும் மணந்த கதையைச் சொல்லும் இந்தக் கும்மியில், ஆசிரியர் அடியெடுத்துப் பாட, ஆடுவோர் அடவு மாற்றி, குனிந்து நிமிர்ந்து, திரும்பிக் கைதட்டுகின்றனர். ஒருவர் அரைத்தாளம் பிந்தினாலும் தட்டல் ஒரே ஒலியாக விழாமல் சிதறிவிடும். திரும்பும்போது பக்கத்தில் ஆடுபவரோடு மோதவும் நேரும். ஆகவே அரங்கேற்றத்துக்கு முன் ஆசிரியர் காட்டும் கண்டிப்பு மிகவும் நியாயமானது. ஆனால் ஆண்கள் மட்டுமே ஆட வேண்டும் என்பதும் நெடுங்காலம் முறையாகவே கருதப்பட்டு வந்தது. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியைச் சேர்ந்த எம். பத்ரப்பன் அந்த வழக்கத்தை மீறிப் பெண்களுக்கும் இதைக் கற்பித்தார். 2024-இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பெண்கள் வந்ததால் தாளம் குலையவில்லை. ஆடும் வட்டம்தான் பெரிதாயிற்று.

ஸ்காட்லாந்தில் இத்தகைய முறையை எழுத்தில் நிலைநிறுத்த முனைந்தவர்கள் இரு பெண்கள். பழைய நடனங்கள் மறைந்துவருவதைக் கண்ட இசபெல் ஸ்டுவர்ட்டும், உடற்பயிற்சி ஆசிரியையான ஜீன் மில்லிகனும் 1923-இல் கிளாஸ்கோவில் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். பழைய சுவடிகளிலிருந்தும் முதியோரின் நினைவிலிருந்தும் நடனங்களைத் திரட்டி நூல்களாக வெளியிட்ட அச்சங்கம், பாதத்தை எப்படி நீட்டுவது, கையை எந்த உயரத்தில் பற்றுவது என்பது வரை வரையறுத்தது. பெரும்பாலும் நான்கு இணைகள் எதிரெதிர் வரிசைகளில் நின்று, குறித்த தாள அளவுக்குள் இடம் மாறி ஆடும் இந்நடனத்தில், உரிய நேரத்தில் உரிய இடத்தை அடைவதே மற்றவருக்குச் செய்யும் மரியாதை. அழகாகப் பாதம் வைத்தும் தவறான இடத்தில் நிற்பவர் அனைவரின் ஆட்டத்தையும் கெடுக்கிறார். கால் நேர்த்தியின்றியும் இடம் தவறாதவர் எவருக்கும் இடையூறு செய்வதில்லை. இந்த வேறுபாட்டை மறந்து, புதிதாக வந்தவரின் பாதத்தை மட்டுமே பார்த்து முகம் சுளிப்பது நடனத்தின் இயல்புக்கே புறம்பானது. கெய்லி எனப்படும் கொண்டாட்டக் கூடுகைகளில், ஒருவர் அடுத்த அசைவை உரக்கச் சொல்ல, முன்பயிற்சி இல்லாதவரும் கைகோத்துச் சுழன்று ஆடுவதும் அதே மரபின் மற்றொரு முகமே.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட 51-ஆம் படைப்பிரிவின் ஸ்காட்லாந்து அதிகாரிகள், லௌஃபன் முகாமில் ஒரு புதிய நடனத்தை அமைத்தனர். ஆடுவோர் குறுக்காகக் கைகோத்து நிற்கையில் ஸ்காட்லாந்தின் காவல் புனிதரான ஆண்ட்ரூவின் சாய்ந்த சிலுவை உருவாகும். முகாமில் ஆண்கள் மட்டுமே ஆடிய அந்நடனத்தைச் சங்கம் 1945-இல் தன் நூலில் சேர்த்தபோது, ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் வடிவிலேயே வெளியிட்டது. பழமையைக் காக்கத் தோன்றிய அமைப்பே, சில ஆண்டுகளுக்கு முன்புதான் பிறந்த ஒரு படைப்பை மரபில் ஏற்று, ஆடுவோருக்கேற்ப அதை மாற்றவும் செய்தது.