மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவுதல்

நம் மாணவர் பலர் தம் மடிக்கணினியில் விண்டோஸுடன் லினக்ஸையும் நிறுவ விரும்புகின்றனர். நிறுவும் வேலை இனிது முடிந்ததெனத் திரையிற் கண்டு மகிழ்ந்து, கணினியை மறுபடி இயக்குங்கால், லினக்ஸ் தோன்றாது விண்டோஸே வந்து நிற்றல் உண்டு. இதனாற் சலிப்புற்று முயற்சியைக் கைவிடுவாரும் உளர். இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் யாம் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். கணினி முதலாகப் பல்லாண்டு வழங்கியது பயாஸ் என்னும் முறை. அது வட்டின் தொடக்கத்திலுள்ள 512 பைட்டுகளைப் படித்து, அங்குள்ள சிறு நிரலிடம் பொறுப்பை ஒப்புவிக்கும். பின்வந்த யூ.இ.எப்.ஐ. முறையோ அவ்வாறன்று. வட்டில் தனக்கென ஒதுக்கப்பெற்ற சிறு பகுதியை நாடி, அங்குள்ள துவக்கக் கோப்பை எடுத்து இயக்கும். விண்டோஸ் ஒரு முறையிலும் லினக்ஸ் மற்றொரு முறையிலும் அமையின், ஒன்றன் துவக்கி மற்றதனை அழைக்க மாட்டாது.

ஆதலின் முதற்கண் ஆராயத்தக்கது, பென் டிரைவ் எம்முறையில் துவங்கிற்று என்பதே. லினக்ஸில் 'சிஸ்' அடைவின்கண் 'பர்ம்வேர்' என்பதனுள் 'ஈ.எப்.ஐ.' என்னும் அடைவு காணப்படின் அது யூ.இ.எப்.ஐ. முறையே, இன்றேல் பழைய முறையாம். துவக்கப் பட்டியலில் ஒரே பென் டிரைவின் பெயர் இருமுறை தோன்றுமாயின், யூ.இ.எப்.ஐ. என்னும் அடை பெற்றதனையே தேர்க.

இரண்டாவது, மேற்கூறிய சிறு பகுதியை லினக்ஸும் பயன்படுத்தலாம். ஆயின் அதனைப் புதிதாக வடிவமைத்தல் ஆகாது. வடிவமைப்பின் விண்டோஸின் துவக்கக் கோப்புகளும் உடன் அழியும்.

மூன்றாவது, யாவும் முறையாய் அமைந்தும் விண்டோஸே முந்துமாயின், துவக்க வரிசையில் லினக்ஸை முதலில் வைக்க. சில கணினிகளில், அமைப்புத் திரையிற் சென்று லினக்ஸின் துவக்கக் கோப்பை நம்பத்தக்கதென நாமே குறித்தலும் வேண்டும்.

நான்காவது, செக்யூர் பூட் என்னும் காவல். 2012-இல் விண்டோஸ் 8 வந்தது முதல் இது பரவலாயிற்று. கணினி ஏற்கும் கையொப்பமில்லாத துவக்கியை இது தடுத்துவிடும். உபுண்டு, பெடோரா முதலியன கையொப்பம் பெற்றுள்ளமையின், அவற்றை நிறுவுவோர் பெரும்பாலும் இக்காவலை நீக்க வேண்டுவதில்லை.

இவற்றுள் எதனையும் தொடுமுன், பிட்லாக்கர் பூட்டு உளதாவென அறிந்து, அதன் மீட்புச் சாவியை வேறிடத்துக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. காவலை மாற்றியபின் விண்டோஸ் அச்சாவியைக் கேட்டல் கூடும். அஃதின்றேல் ஈராண்டு உழைத்தெழுதிய ஆராய்ச்சிக் குறிப்புகளும் திறவாது போம். லினக்ஸை எத்துணை முறையும் மீண்டும் நிறுவலாம்; இழந்த குறிப்புகளையோ மீட்டல் அரிது. ஆகவே மாணவ நண்பர்கள் தம் கோப்புகளைப் பிறிதொரு வட்டிற் படியெடுத்த பின்னரே இவ்வேலையைத் தொடங்குவாராக.