பறக்காமல் இருக்கச் சிறகு

விமானத்துக்கு இறக்கை எதற்கு என்று கேட்டால் பள்ளிச் சிறுவனும் பதில் சொல்வான். காருக்கு இறக்கை எதற்கு? 1970ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிளிமத் நிறுவனம் இறக்கை வைத்தே ஒரு காரைக் கடையில் விற்றது. அதன் பெயர் சூப்பர்பேர்ட். முன்னால் கூரிய மூக்கு. பின்னால் டிக்கியின் மேல் இரண்டு தூண்கள். தூண்களின் மேல் குறுக்காக ஓர் அலுமினியப் பலகை. படத்தில் பார்ப்பவருக்கு முதலில் சிரிப்புத்தான் வரும். ஆனால் சாதாரணப் பழைய பிளிமத் கார் ஒன்றை வாங்கி, அதற்கு இந்த மூக்கையும் இறக்கையையும் பொருத்தி, நீல வண்ணம் பூசி, கதவில் 43 என்று எழுதி, ரிச்சர்ட் பெட்டிக்குக் காணிக்கையாக்குவோர் அந்நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் காணிக்கையின் காரணத்தையும், அதற்குள் இருக்கும் பௌதிகத்தையும் சொல்வதே என் நோக்கம்.

பெட்டி 1937இல் வட கரோலினா மாநிலத்தின் லெவல் கிராஸ் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை லீ பெட்டியும் பந்தய வீரர்; 1959இல் நடந்த முதல் டேடோனா 500 பந்தயத்தை வென்றவர் அவரே. மகன் தந்தையை மிஞ்சினார். நாஸ்கார் பந்தயங்களில் 200 வெற்றிகள், ஏழு முறை சாம்பியன் பட்டம். 1967ஆம் ஆண்டில் மட்டும் 27 வெற்றிகள். அவற்றில் பத்து தொடர்ச்சியாக வந்தவை. அவருடைய காரின் வெளிர்நீலத்துக்கு ஒரு கதை உண்டு. ஒரு காரைப் பூச வெள்ளையும் போதவில்லை, நீலமும் போதவில்லை. இரண்டையும் கலந்து பூசினார்கள் என்று சொல்வார்கள். பட்டறை தெரிந்தவர்கள் இதை எளிதில் நம்புவார்கள். பின்னாளில், 1972இல், பணம் கொடுக்க முன்வந்த எஸ்.டி.பி. நிறுவனம் கார் முழுவதும் சிவப்பாக வேண்டும் என்றபோது பெட்டி மறுத்துவிட்டார். முடிவில் பாதி நீலம், பாதி சிவப்பு என்று உடன்பாடாயிற்று.

அக்காலத்து அமெரிக்கர்கள் 'மசில் கார்' என்று அழைத்தது நடுத்தர உடலில் மிகப் பெரிய எஞ்சினை வைத்த வண்டியை. பிளிமத்தின் ரோட் ரன்னர் அவ்வகை. அதற்குக் கிடைத்த ஹெமி எஞ்சின் 7 லிட்டர், 425 குதிரைத்திறன். இவ்வளவு இருந்தும் நீண்ட பந்தயத் தடங்களில் ஃபோர்டு கார்கள் முந்தின. காரணம் எஞ்சின் அன்று, காற்று. வழவழப்பான உடல் கொண்ட கார் வேண்டும் என்று பெட்டி கேட்டும் கிடைக்காததால், 1969இல் அவர் ஃபோர்டுக்கே போய்விட்டார். அவரைத் திரும்ப அழைக்கப் பிளிமத் கொடுத்த விலைதான் சூப்பர்பேர்ட். அவரும் 1970இல் திரும்பி வந்தார்.

இனிக் காற்றுக்கு வருவோம். காரை எதிர்க்கும் காற்றின் இழுவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. அவ்விசையை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு நேர்விகிதம். மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் கார் 320 கிலோமீட்டரில் செல்ல வேண்டுமானால், காற்றுக்காக மட்டும் 64 மடங்கு திறன் வேண்டும். எஞ்சினை 64 மடங்காக்க யாராலும் ஆகாது. ஆகவே மூக்கைக் கூராக்கினார்கள். ரோட் ரன்னரின் தட்டை முகத்தில் முட்டிய காற்று, இப்போது பிளந்து வழுக்கிப் போயிற்று.

இரண்டாவது தொல்லை இதைவிடப் பெரிது. காரின் கூரை வளைவின் மேல் காற்று விரைந்து ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. கார் மெல்ல மேலே தூக்கப்படுகிறது. டயர் தரையை அழுத்துவது குறைந்தால் உராய்வும் குறையும். வளைவில் திரும்பத் தேவையான மையநோக்கு விசையைத் தருவதில் இந்த உராய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்படியானால் காரில் பாரம் ஏற்றினால் என்ன என்று என் வகுப்புத் தோழர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. சமதளத்தில் அந்தச் சமன்பாட்டை எழுதிப் பாருங்கள்: நிறை இரு பக்கமும் வந்து அடிபட்டுப் போகும். பாரம் ஏற்றினால் உராய்வும் கூடும், திருப்பத் தேவையான விசையும் அதே அளவில் கூடும், மிச்சம் ஒன்றுமில்லை. நிறையைக் கூட்டாமல் அழுத்தத்தை மட்டும் கூட்ட வேண்டும். தலைகீழாகக் கவிழ்த்த விமான இறக்கை செய்வது அதையே. காற்றே ஏறி உட்கார்ந்து காரை அழுத்துகிறது. ஆனால் அந்தப் பாரத்தைத் திருப்பும் சுமை காருக்கு இல்லை. உயர்ந்த தூண்கள் பலகையைக் கூரையின் கலங்கல் காற்றுக்கு மேலே நிறுத்தின. மீன் துடுப்புபோல் கார் நேராகச் செல்லவும் உதவின. இறக்கையும் சிறிது இழுவிசையைக் கூட்டத்தான் செய்யும். அது தெரிந்தே கொடுத்த விலை.

பலன் கைமேல் கிடைத்தது. 1970 டேடோனா 500 பந்தயத்தில் பெட்டி குழுவின் பீட் ஹாமில்டன் சூப்பர்பேர்டில் வென்றார். அதே ஆண்டு மார்ச் 24ஆம் நாள், சூப்பர்பேர்டின் உடன்பிறப்பான டாட்ஜ் டேடோனாவை ஓட்டிய பட்டி பேக்கர் டல்லடேகா தடத்தில் மணிக்கு 200 மைலைக் கடந்தார்.

காருக்குக் கிடைத்த பாதுகாப்பு மனிதனுக்குக் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. 1969 செப்டம்பரில் டல்லடேகாவின் முதல் பெரும் பந்தயத்தின்போது அந்த வேகத்தைத் தாங்காமல் டயர்கள் கிழிந்தன. ஓட்டுநர் சங்கத்துக்குத் தலைமை வகித்த பெட்டியும் மற்றும் பலரும் ஓட்ட மறுத்து வெளியேறினார்கள். என் கணக்கில் அந்த 200 வெற்றிகளோடு சேர்த்து எண்ண வேண்டியது இது. மறு ஆண்டு டார்லிங்டனில் அவருடைய பிளிமத் கார் சுவரில் மோதி உருண்டபோது, அவர் கை சன்னலுக்கு வெளியே வந்து தொங்கியது. பிழைத்தது அதிர்ஷ்டம். ஓட்டுநர் பக்கச் சன்னலுக்கு வலை கட்டும் வழக்கம் அதன் பிறகே வந்தது.

பந்தயத்தில் ஓட வேண்டுமானால் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்பது விதி. முகவர் இருவருக்கு ஒரு கார் என்ற கணக்கில் 1,900க்கும் மேற்பட்ட சூப்பர்பேர்டுகளை அவசரமாகக் கட்டினார்கள். முன் மட்கார்டும் பானெட்டும் டாட்ஜ் கொரோனெட்டிலிருந்து எடுத்தவை. பின் கண்ணாடியைச் சுற்றித் தகடு ஒட்டி வடிவத்தை மாற்றி, கூரை மேல் வினைல் உறை போர்த்தினார்கள். என் தந்தையார் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் டிங்கர் வேலை செய்பவர், ஆங்கிலம் அறியாதவர். படத்தை அவரிடம் காட்டினேன். இறக்கையை அவர் பார்க்கவே இல்லை. "ஏங்கண்ணு, இந்த மேல்தோலு எதையோ மூடறதுக்குப் போட்டாப்பல இருக்குதே?" என்றார். உண்மையும் அதுதான். ஒட்டுவேலையின் தடத்தைத் தேய்த்து முடிக்க நேரமில்லாமல் போட்ட உறை அது. புத்தகத்தில் நான் படித்து அறிந்ததை அவர் கை அறிந்திருந்தது.

வாங்குவோருக்கு அதன் உருவம் பிடிக்கவில்லை. சில வண்டிகள் கடைகளில் தூங்கின. சில முகவர்கள் மூக்கையும் இறக்கையையும் கழற்றி, சாதாரண ரோட் ரன்னராக்கி விற்றார்கள். 1971இல் இறக்கைக் கார்களின் எஞ்சின் 5 லிட்டருக்கு மேல் இருக்கலாகாது என்று விதி வந்தது. அத்துடன் அவற்றின் பந்தய வாழ்வு முடிந்தது.

அன்று சுமார் 4,300 டாலருக்கு விலைபோகாதது, பின்னாளில் ஏலத்தில் பத்து லட்சம் டாலரையும் கடந்தது. அசலை வாங்க இயலாத தொழிலாளியும் பெட்டியின் ரசிகரே. ரோட் ரன்னரோ, அதனிலும் மலிவான சேட்டிலைட்டோ ஒன்றைத் தேடிப் பிடித்து, நகலாகச் செய்து விற்கப்படும் மூக்கையும் இறக்கையையும் பொருத்தி, வாரக் கடைசிகளில் வேலை செய்து முடிக்கிறார். இதைப் போலி என்று இகழ்வோர் உண்டு. அசல் என்று விற்றால் அது மோசடிதான். சேசிஸ் எண் காட்டிக் கொடுத்துவிடும். இது காணிக்கை என்று சொல்லி ஓட்டுபவரை நான் குறை சொல்ல மாட்டேன். அசலே இன்னொரு காரின் மட்கார்டை வாங்கி ஒட்டிச் செய்ததல்லவா?

பிளிமத் என்ற பெயரே 2001இல் மறைந்துவிட்டது. 2006இல் வெளிவந்த 'கார்ஸ்' என்ற கார்ட்டூன் படத்தில், 43 என்ற எண்ணோடு நீல சூப்பர்பேர்ட் ஒன்று 'அரசர்' என்ற பாத்திரமாக வருகிறது. அதற்குக் குரல் கொடுத்தவர் ரிச்சர்ட் பெட்டியேதான்.