'ஹேவ்' வந்தால் 'நேற்று' வராது!

எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அதனால் தெருவில் உள்ள ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஆங்கிலத்துக்கு என்னிடம்தான் அனுப்புகிறார்கள். அவர்கள் மிரளும் இடம், பிரசென்ட் பெர்ஃபெக்ட்.

நான் தமிழிலிருந்தே தொடங்குவேன். 'அப்பா வந்தார்' என்றால் நடந்து முடிந்த செய்தி. 'அப்பா வந்திருக்கிறார்' என்றால் இப்பவும் இங்கேதான் இருக்கிறார். அந்த 'இரு' செய்கிற வேலையை ஆங்கிலத்தில் 'ஹேவ்', 'ஹேஸ்' செய்கின்றன. 'ஃபாதர் ஹேஸ் கம்.' பிள்ளைகள் டக்குனு பிடிச்சுக்குவாங்க.

நம்ம புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கிற பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு சிக்கல். பிரெஞ்சிலும் 'ஹேவ்' போல ஒரு துணைவினை உண்டு. ஆனால் அதோடு 'நேற்று' சேரும்: 'ஜே மான்ஜே இயேர்', அதாவது நேற்று சாப்பிட்டேன். ஆங்கிலத்தில் சேராது. முடிந்துபோன காலத்தைக் குறித்துச் சொன்னால் 'ஹேவ்' விலகிவிடும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியது என்பதற்கு சிம்பிள் பாஸ்ட்தான்.

இது நமக்கும் பாடம் நண்பர்களே! வேலை விண்ணப்பத்தில் 'ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை டிப்ளமோ' சரி. முடித்த வருஷத்தையும் எழுதினால் 'ஐ கம்ப்ளீட்டட்' மட்டும் போதும். சிபாரிசுக்கு ஆளில்லாத நமக்கு அந்த ஒரு வரிதான் சிபாரிசு!